அறுபது நாள்கள்: தமிழில் உரிமை விளக்க எழுத்துகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழரிடையே சட்ட உரிமைகளையும் அரசு நலத்திட்டங்களையும் விளக்கும் எழுத்துகள் பல வடிவங்களில் வெளிவருகின்றன. நாளிதழ்க் கட்டுரைகள், பொது இயக்கங்களின் கையேடுகள், ஆலய மண்டபக் கூட்டங்களில் வழங்கப்பெறும் துண்டு வெளியீடுகள் ஆகியன இவற்றுள் அடங்கும். இவை திறனாய்வாளரின் பார்வைக்குப் பெரிதும் உள்ளானதில்லை. ஒரு சிறுகதையின் நடை பிழைபட்டால் வாசகர் அதனை மறந்துவிடுவார். இவ்வெழுத்தின் நடை பிழைபட்டாலோ அவர் தம் பிழைப்பை இழக்க நேரும். ஆகவே, இவ்வகை எழுத்தின் நடையை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பெக்கான் நானாஸில் கண்டது

ஜொகூர் மாநிலப் பொந்தியான் மாவட்டத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் செல்லும் சாலையில் உள்ளது பெக்கான் நானாஸ். அன்னாசிப் பயிரால் பெயர் பெற்ற இவ்வூரில் அன்னாசி அருங்காட்சியகமும் உண்டு. குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாமும் உண்டு. கையில் உரிய ஆவணம் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாட்டை இங்குள்ளோர் நன்கறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூரில் நடைபெற்ற விளக்கக் கூட்டமொன்றில் நாம் கலந்துகொண்டோம். ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளர் ஒருவர் தம் ஆவணங்கள் அனைத்தையும் நெகிழி உறையொன்றில் இட்டுக் கொண்டுவந்திருந்தார். அவற்றிடையே, மடித்து மடித்துக் கிழியும் நிலையிலிருந்த தமிழ்த் துண்டு வெளியீடும் இருந்தது. அநியாயமாக வேலைநீக்கம் செய்யப்பட்டோர் தொழிலாளர் அலுவலகத்தில் முறையிடலாம் என்பது அதன் செய்தி. அவர் அதனைப் படித்தார், அவ்வாறே சென்றார். நிலுவைச் சம்பளத்திற்கு அங்கு வழி பிறந்தது. ஆனால், வேலைநீக்கத்தை எதிர்க்கும் முறையீட்டிற்கு உரிய இடம் வேறு என்பதை அவர் அறிந்தபோது, வேலை போய் எழுபது நாள்களுக்கு மேலாகியிருந்தது.

1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரும் முறையீட்டை 60 நாள்களுக்குள் அளித்தல் வேண்டும். அதன் பின்னர் வருவது ஏற்கப்படுவதில்லை. அத்தொழிலாளர் படிப்பறிவற்றவர் அல்லர், அக்கறையற்றவரும் அல்லர். அவர் எழுத்தை நம்பினார். எழுத்து அவரைக் கைவிட்டது.

மூவகைக் குறைகள்

இத்தகைய எழுத்துகளில் நாம் காணும் முதற்குறை பெயர்க் குழப்பமாகும். சம்பள நிலுவைக்கு உரியது ஜபாத்தான் தெனாகா கெர்ஜா. வேலைநீக்கத்திற்கு உரியது ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான். வேலையிடத்து விபத்திற்கு உரியது பெர்கேசோ, மக்கள் வழக்கில் சொக்சோ. தமிழில் எழுதும்போது முதலிரண்டும் 'தொழிலாளர் அலுவலகம்' என ஒன்றாகிவிடுகின்றன. சில இடங்களில் ஒரே இலாகா ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பெயர்களைப் பெறுகின்றது. கூறியது கூறலைத் தவிர்க்க வேண்டும் என்னும் கட்டுரைப் பயிற்சி இங்குத் தீங்காகிறது. இலக்கிய நடையில் சொல் மாறுவது அழகு. உரிமை விளக்கத்தில் சொல் மாறினால் இடம் மாறிவிடும்.

இரண்டாவது, வினைமுதல் மறைதல். எடுத்துக்காட்டாக நாமே அமைத்துக்கொண்ட தொடர் இது: 'அநியாயமாகப் பணிநீக்கம் செய்யப்படும் ஊழியர்களின் முறையீடுகள் உரிய காலத்திற்குள் சம்பந்தப்பட்ட இலாகாவிடம் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.' இலக்கணப் பிழை ஏதுமில்லை. எனினும், யார், எங்கே, எத்தனை நாள்களுக்குள் என்னும் மூன்று வினாக்களுக்கும் இதில் விடையில்லை. இதனையே, 'உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹானில் மனுக் கொடுங்கள். மனுவின் படி ஒன்றில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்' என எழுதலாம். முன்னிலை ஏவல் மரியாதைக் குறைவன்று. நம் ஆற்றுப்படை மரபு வழியறிந்தவன் வழியறியாதவனை முன்னிலைப்படுத்திக் கூறுவதே ஆகும்.

மூன்றாவது, காலவரம்பு பின்தள்ளப்படுதல். உரிமையின் பெருமை முதற்பத்தியிலும், காலவரம்பு இறுதியிலும் இடம்பெறுகின்றன. சிலவற்றில் இடம்பெறுவதே இல்லை. 2017ஆம் ஆண்டு வேலைக் காப்புறுதி முறைச் சட்டத்தின்கீழ், வேலையிழந்தவர் பெர்கேசோவிடம் உதவி கோருவதற்கும் 60 நாள்களே உள்ளன. தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிவதற்கும் 60 நாள்களே காலம். இம்மூன்று அறுபதுகளும் ஒவ்வொரு வெளியீட்டின் தலைப்பிலேயே நிற்கத்தக்கவை.

தாலியும் பதிவும்

இக்குறைகளால் விளையும் கேடு வேலையோடு முடிவதில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பிற்கு வந்தது. அதன் பின்னர், கோயிலில் தாலி கட்டுவது மட்டும் சட்டத்தின் பார்வையில் திருமணம் ஆகாது, பதிவு வேண்டும். பதிவில்லாத நிலையில் பிறக்கும் குழந்தை மணவுறவிற்குப் புறம்பானதாகக் கருதப்படும். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி அக்குழந்தையின் குடியுரிமைக்குத் தாயின் நிலையே கொள்ளப்படும். தந்தை குடிமகனாக இருந்தும், தாய் குடியுரிமை அற்றவராயின், பிள்ளை பள்ளி வாசலிலேயே இடர்ப்பட நேர்கிறது.

இதனை விளக்க முற்படும் எழுத்துகள் பெரும்பாலும் 'பதிவுத் திருமணத்தின் அவசியம்' என அறவுரை நடைக்குச் சென்றுவிடுகின்றன. தாலியை மதிக்கும் வாசகருக்கு அது தம் மரபின் மீதான குறைகூறலாகத் தோன்றுகிறது. தாலி உறவுக்குச் சான்று, பதிவு பிள்ளைக்குச் சான்று எனப் பிரித்துக் காட்டியிருந்தால் அவர் மனம் ஏற்றிருக்கும்.

தூய்மையும் பயனும்

மலாய்ச் சொற்களை இவ்வாறு கலப்பது தமிழைச் சிதைக்காதா என்னும் வினா எழக்கூடும். கலைச்சொல்லாக்கத்தின் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தமிழ்ச் சொல் பொருளை விளக்கும். அலுவலகப் பலகையிலும் பாரத்திலும் உள்ள மலாய்ச் சொல்லே இடத்தைக் காட்டும். இரண்டும் அருகருகே நிற்க வேண்டும். தமிழ்நாட்டு வழக்கிலிருந்து பெற்ற சொல் நம் நாட்டுப் பாரத்தைத் தொடாவிடில், அது தூய்மையாக இருந்தும் பயனற்றதாகிறது.

இவ்வெழுத்துகளை ஆக்கியோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்தவர்கள் என்பதை இங்குப் பதிவு செய்தல் கடமையாகும். அவர்களுக்குச் சட்டம் தெரிந்திருந்தது. அதனைத் தமிழில் எழுதும் முறையை அவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. நாம் அதனைச் செய்யவில்லை.

முடிவுரை

தோட்டத்தில் கடிதம் வந்தால் கிராணியிடம் கொண்டுசென்ற காலம் இருந்தது. இன்று அக்கடிதம் தமிழாசிரியரிடம் வருகிறது. அலுவல் கடிதம் கற்பிக்கும் நாம், மாணவரைக் கால்வாய் அடைப்புக் குறித்துப் புகார் எழுதச் செய்கிறோம். அதனோடு, நாளிட்டு, ஆவணப் பட்டியல் இணைத்து, உரிய இலாகாவின் பெயரைப் பாரத்தில் உள்ளவாறே குறிப்பிட்டு எழுதும் ஒரு முறையீட்டையும் கற்பிக்கலாம். அப்பிள்ளை வீட்டில் தந்தையின் கடிதத்தைப் படிக்கும்போது, முதலில் தேதியைப் பார்க்கக் கற்றிருக்கும். பெக்கான் நானாஸில் நாம் கண்ட அத்தொழிலாளருக்கு அந்த ஒரு பழக்கமுடையவர் அருகிலிருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.