வழவழப்புக்குப் பின்னால்

2018 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட 'இக்குவானிமிட்டி' உல்லாசப் படகைப் பற்றி நாம் பேசியதெல்லாம் விலைதான். ஜோ லோ 25 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது, அது 1எம்டிபி பணம் என்று அமெரிக்க நீதித்துறை சொன்னது, 2019இல் கெந்திங் மலேசியா 12.6 கோடி டாலருக்கு எடுத்தது. சாப்பாட்டுக் கடைப் பேச்சு அதோடு முடிந்துவிடும். பொருள் எப்படி, வேலை சுத்தமா என்று யாரும் கேட்கவில்லை. நம்ம காசு என்றால் அதையும் கேட்கத்தானே வேண்டும்?

நான் அதில் ஏறியதில்லை. படங்களையும் வெளிவந்த விவரங்களையும் வைத்துத்தான் சொல்கிறேன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொருளின் தரம் பார்ப்பது என் பிழைப்பு. அந்தக் கண்தான் இதற்கும்.

நெதர்லாந்தின் ஓஷன்கோ கட்டி 2014இல் ஒப்படைத்த படகு, நீளம் 91.5 மீட்டர். அடிப்பாகம் எஃகு, மேல்கட்டு அலுமினியம். வெளித்தோற்றத்தில் ஆர்ப்பாட்டம் குறைவு. வெள்ளை உடம்பு, தளத்துக்குத் தளம் நீண்டு ஓடும் கறுப்புக் கண்ணாடிப் பட்டை, பின்பக்கம் படிப்படியாக இறங்கும் அடுக்குகள். இவ்வளவு பெரிய சாமான் கனமாகத் தெரியாமல் இருப்பது வடிவமைப்பின் வெற்றிதான்.

ஆனால் அந்த வழவழப்பு வரைபடத்தில் வருவதில்லை. எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தால் சூட்டில் நெளியும். இது போன்ற படகுகளில் அந்த நெளிவின்மேல் எப்பாக்ஸி நிரப்பியைப் பூசி, நீளப் பலகையில் உப்புத்தாள் கட்டி, ஆட்கள் வாரக்கணக்கில் கையால் தேய்க்கிறார்கள். பிறகுதான் பளபளப்புப் பூச்சு. எஃகையும் அலுமினியத்தையும் நேரடியாகப் பற்றவைக்க முடியாது. இரண்டு உலோகத்தையும் முன்பே ஒட்டவைத்த பட்டை ஒன்று இடையில் வரும். உப்புத் தண்ணீரில் அந்த மூட்டு அரிக்காமல் நிற்பதில்தான் கட்டுமானத்தின் மானம் இருக்கிறது. விளம்பரப் படத்தில் அது தெரியாது.

எங்கப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். "பெயிண்ட பாக்காதடா, வெல்டிங்க பாரு" என்பார். அந்த ஆலையில் வெல்டிங் கண்ணுக்குத் தெரியும். செய்தவன் யார் என்றுகூடச் சொல்லிவிடலாம். உல்லாசப் படகின் இலக்கணம் நேர் எதிர். வேலை நன்றாக இருந்தால் வேலை செய்த தடமே இருக்கக்கூடாது. கை எவ்வளவு திறமையோ அவ்வளவுக்கு அந்தக் கை மறைந்துபோகும்.

உள்ளே போனால் கதை மாறுகிறது. உள் அலங்காரம் லண்டனின் வின்ச் டிசைன். பளிங்கு, மூங்கில், தங்கத் தகடு என்று 'ஆசிய' பாணி. பினாங்கில் பிறந்தவருக்காக லண்டனில் ஆசியாவை வரைந்திருக்கிறார்கள்! ஆத்தோரம் தானாக முளைக்கும் மூங்கில் இங்கே தங்கத்துக்குத் துணையாக நிற்கிறது. வெளியே இருந்த அடக்கம் உள்ளே இல்லை. எந்த இடமும் கண்ணைச் சும்மா விடவில்லை. பெயருக்கு என்னவோ 'மனச் சமநிலை' என்று அர்த்தம்.

விலை பாதியானதை வைத்துப் படகே மட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஐந்து வருடத்தில் வெல்டிங் பாதியாகிவிடாது. நீதிமன்ற ஏலச் சரக்கின் அவசரம், பெயரில் ஒட்டிய கறை, ஒருத்தர் ஆசைக்கென்று செய்த அலங்காரம் ஆகியவைதான் விலையை இறக்கியிருக்கும் என்பது என் கணிப்பு. கெந்திங் பெயரை 'டிராங்குவிலிட்டி' என்று மாற்றியது. பெயரை மாற்றலாம், ஒட்டிய ரசனையைச் சுரண்டி எடுப்பது லேசு இல்லை.

அப்படியானால், திருட்டுப் பணம் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒன்றைப் பாராட்டலாமா? நான் இரண்டாகப் பிரிக்கிறேன். என்ன வேண்டும் என்று கேட்டது வாங்கியவர். அலங்காரத்தின் மிகையை அவர் கணக்கில் எழுதுங்கள். தகட்டை நிமிர்த்தித் தேய்த்தவர்கள் கூலிக்கு வேலை செய்தவர்கள். அவர்கள் வேலையில் பொய் இல்லை. முதலாளி பெயரும் வடிவமைப்பாளர் பெயரும் எல்லாருக்கும் தெரியும். தேய்த்தவர் பெயர் எங்கும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதுக் கணக்கும் இல்லை.

லங்காவி போனால் தெலாகா துறைமுகத்தில் நிற்கும் படகுகளை விலை கேட்காமல் பாருங்கள். முன்மூக்கின் பக்கத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, உடம்பு நெடுகப் பார்வையை ஓட்டுங்கள். அதில் விழும் தண்ணீரின் பிம்பம் எங்கும் உடையாமல் ஓடினால், அங்கே ஒருத்தர் ஒழுங்காகத் தேய்த்திருக்கிறார்.