இல்லம் சுமக்கும் நோய்

கடும் மனநோயாளரைப் பேணும் குடும்பத்தின் துன்பம் பணிச்சுமையாலும் பொருட்செலவாலும் அளந்து முடிப்பதற்குரியதன்று. ஜெரி பின்டோ ஆங்கிலத்தில் இயற்றிய 'எம் அண்ட் த பிக் ஹூம்' (2012) என்னும் புதினம் இதற்குச் சான்றாம். மும்பை மாகிமில் சிறு வீடொன்றில் வாழும் தாய், தந்தை, மக்கள் இருவர் ஆகிய நால்வரே இதன் தலைமை மாந்தர். தன் பிறப்பிற்குப் பின்னரே தாய்க்கு நோய் பெருகிற்று என்பதை அவள் வாயாலேயே கேட்கிறான் மகன். செய்யாத பிழைக்குக் குற்றவுணர்வு, தன்னையும் இந்நோய் பற்றுமோ என்னும் அச்சம் ஆகிய இரண்டும் அவன் சுமையாகின்றன.

தாயின் பேச்சில் மிகும் நகைச்சுவை துயரத்தின் கனத்தைக் குறைத்துவிட்டது என்பார் உளராயின், அதனை யாம் உடன்படோம். அந்நகை நோயின் கூறோ, அவள் இயல்பின் கூறோ எனப் பிரித்தறிய இயலாமையே இல்லத்தாரின் பெருந்துன்பம். நோயை வெறுக்கப் புகின் தாயையே வெறுத்ததாக முடியும். இவ்விக்கட்டினைத் தீர்த்துவையாது உள்ளவாறே காட்டியமை இந்நூலின் சிறப்பென்க.