சமன்படுத்த வேண்டியது காரை மட்டுமே

இணையவழிக் கார் பந்தயத் தொடர்களில் வெற்றியைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் திறமையா, அவர் தேர்ந்தெடுத்த காரா என்ற கேள்வி, பல நிறுவனங்களின் கார்கள் ஒரே பிரிவில் மோதும் இடங்களிலெல்லாம் எழுகிறது. வேகமான காரின் எடையைக் கூட்டியோ, அதன் இன்ஜின் ஆற்றலைக் குறைத்தோ, பிரிவிலுள்ள எல்லாக் கார்களையும் ஏறத்தாழ ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் முறையே இதற்குத் தீர்வாகக் கையாளப்படுகிறது. ‘பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’, சுருக்கமாக ‘பிஓபி’, என்று வழங்கும் இம்முறை சரியாக அமைந்தால் போட்டி செழிக்கும். பிசகினால் ஒரே காரின் ஊர்வலமாகிவிடும்.

கணினித் திரைக்கு வருவதற்கு முன்பே இம்முறை உண்மையான ஓடுதளத்தில் வேரூன்றிவிட்டது. 2006-இல் தொடங்கிய ஜிடி3 பிரிவு இதை நம்பியே வளர்ந்தது. போர்ஷே 911 ஜிடி3 ஆர் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்க, லம்போர்கினி ஹூராகான் காரின் பத்து சிலிண்டர் இன்ஜின் நடுவிலும், மெர்சிடிஸ் ஏஎம்ஜி காரின் 6.2 லிட்டர் இன்ஜின் முன்புறத்திலும் அமைந்திருப்பதால், இவற்றைச் சரிசமமாக்க ஒரே விதி போதாது. ஜிடி3 பந்தயங்களை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த ‘அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே’ என்ற இத்தாலிய விளையாட்டில், போட்டி நடத்துபவர் ஒரு காருக்கு 100 கிலோ வரை கூடுதல் எடையும், இன்ஜினுக்குள் செல்லும் காற்றைக் குறைக்கும் ‘ரிஸ்ட்ரிக்டர்’ என்ற தடுப்பை 20 சதவீதம் வரையும் விதிக்க முடியும். உலக அமைப்புகளிடம் இருக்கும் அதிகாரத்துக்கு நிகரான ஒன்று, இப்படிச் சிறு தொடரை நடத்துபவரின் கைக்கும் வந்துவிடுகிறது.

எடையும் காற்றுத் தடுப்பும் ஒரே விளைவைத் தருவதில்லை. 1,300 கிலோ காரில் 26 கிலோ ஏற்றினால் எடைக்கேற்ற ஆற்றல் சுமார் 2 சதவீதம் குறைவதோடு, பிரேக் பிடிக்கும் தூரம், வளைவில் செல்லும் வேகம், டயரின் ஆயுள் ஆகிய அனைத்தும் பாதிக்கப்படுகின்றன. காற்றுத் தடுப்போ பெரிதும் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட 5.793 கி.மீ. மோன்சாவில் காற்றுத் தடுப்பும், வளைவுகள் நிறைந்த 4.381 கி.மீ. ஹங்கரோரிங்கில் எடையும் கடுமையாக உணரப்படும் என்பதால், எல்லா ஓடுதளங்களுக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொள்வது நியாயமாகாது.

சுற்றுநேரம் சமமாக இருந்தால் பந்தயமும் சமமாகிவிடும் என்று கருதுவதும் தவறு. மோன்சாவில் நேர்ப்பாதையில் வேகமான ஒரு காரும், லெஸ்மோ வளைவுகளில் வேகமான மற்றொரு காரும் தனித்தனியே ஓடி ஒரே நேரத்தைப் பதிவு செய்வதாகக் கொள்வோம். வளைவுக் கார் பின்னால் வரும்போது லெஸ்மோவில் நெருங்கினாலும், முன்னே செல்லும் கார் கலைத்த காற்றில் தரையோடு அழுத்தும் விசையான ‘டவுன்ஃபோர்ஸ்’ குறைவதால் வேகத்தைத் தணித்தே ஆக வேண்டும். பரபோலிக்கா வளைவிலிருந்து நேர்ப்பாதைக்குள் நுழைந்ததும் முன்னே செல்லும் கார் மீண்டும் விலகிவிடும். இடம் மாறினாலோ, நேர்ப்பாதைக் கார் முதல் ‘சிக்கேன்’ நெளிவளைவுக்கு முன்பே எளிதாகக் கடந்துவிடும். எனவே சுற்றுநேரத்தோடு உச்சவேகத்தையும், நெடுநேர ஓட்டத்தில் டயர் தேயும் அளவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அளவிடும் முறையிலும் ஒரு பொறி உண்டு. இணையத்தில் சிறந்த ஓட்டுநர்கள் வேகமானது என்று பேசப்படும் காரையே நாடுவதால், பந்தய முடிவுகளின் சராசரி காரின் வேகத்தையும் ஓட்டுநரின் திறமையையும் கலந்தே காட்டுகிறது. ஒரே ஓட்டுநர் குழு, ஒரே வெப்பநிலையிலும் ஒரே எரிபொருள் அளவிலும் எல்லாக் கார்களையும் நீண்ட சுற்றுகளுக்கு ஓட்டி, ஒவ்வொருவரும் தமக்குள்ளேயே காரிலிருந்து காருக்குக் காணும் வேறுபாட்டை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழியாகும்.

அறிவிக்கும் காலமும் முக்கியமானது. 2023-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கையில், அந்தப் பருவத்தின் முதல் மூன்று சுற்றுகளையும் வென்றிருந்த டொயோட்டாவுக்கு 37 கிலோவும், ஃபெராரிக்கு 24 கிலோவும் ஏற்றப்பட்டன. பந்தயத்தை ஃபெராரி வென்றபோது, அதன் ஓட்டுநர்களின் உழைப்புக்கு இணையாக அந்த எடைப் பட்டியலும் பேசப்பட்டது. கடைசி நேர மாற்றம் வென்றவரின் பெருமையையும் மங்கச் செய்துவிடுகிறது.

வென்றவருக்கு அடுத்த பந்தயத்தில் எடை கூட்டும் ‘வெற்றிச் சுமை’, ஜப்பானின் சூப்பர் ஜிடி போன்ற தொடர்களில் நெடுநாளாக உள்ள ஏற்பாடு. பரபரப்புக்காக அதைத் தேர்வதில் பிழையில்லை. ஆனால் அது திறமைக்கு விதிக்கும் வரி என்பதால், பிஓபி என்ற பெயரில் அதை நுழைப்பது ஓட்டுநருக்கு இழைக்கும் அநீதியாகும். தொடர் நடத்துவோர் சோதனைத் தரவுகளை வெளிப்படையாக வைக்க வேண்டும். மாற்றங்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தகுதிச்சுற்று தொடங்கிய பின் எண்களைத் தொடக் கூடாது. கார்கள் சமமான பிறகும் ஒருவர் தொடர்ந்து வென்றால், அந்த வெற்றி அவருடைய உழைப்புக்கு உரியது.