விடை இருக்கிறது என்று யார் சொன்னது?

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை இரவு. புக்கிட் ரோத்தானில் ஓர் ஒட்டுக்கடை. கைப்பேசியில் உலகச் சதுரங்கப் போட்டியின் 14ஆவது ஆட்டம், சிங்கப்பூரிலிருந்து நேரலை. குகேஷும் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. இதுவும் சமன் ஆனால் மறுநாள் விரைவு ஆட்டங்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் ரூக்கை எஃப்2 கட்டத்தில் வைத்தார். திரையோரத்துக் கணினிக் கோடு சட்டென்று கறுப்பின் பக்கம் சாய்ந்தது. “முடிஞ்சிருச்சுடா!” என்று கத்தினேன்.

“எப்படிண்ணே பார்த்தீங்க?” என்றான் பக்கத்தில் இருந்த தம்பி.

நான் எங்கே பார்த்தேன்? கோடு சொன்னது. அப்புறம்தான் தேடினேன். பத்து வினாடியில் கிடைத்துவிட்டது.

கிடைத்தது இதுதான். ரூக்குகளை மாற்றிக்கொண்டு, குகேஷ் தன் பிஷப்பை டி5க்குக் கொண்டுவருகிறார். டிங்கின் பிஷப் பலகையின் மூலையில், ஏ8இல் நிற்கிறது. அதற்கு ஒரே ஒரு பாதை. அந்தப் பாதையைத்தான் டி5 அடைக்கிறது. தப்ப வழியில்லை. பிஷப்புகளும் மாறிவிட்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும்தான். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அது போதும். 58ஆவது நகர்த்தலோடு டிங் ஒப்புக்கொண்டார். குகேஷுக்கு வயது 18.

தோற்றவர் செய்தது சிறுபிள்ளைத்தனமான பிழை என்று பலர் எழுதினார்கள். முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்கும் அப்படித்தான் வருந்தினார். அதிர்ஷ்டத்தில் கிடைத்த பட்டம் என்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியது. இந்தத் தீர்ப்பில் எனக்குச் சம்மதமில்லை.

ஆட்டம் முடிந்ததும் குகேஷ் சொன்ன ஒரு விஷயத்தை இவர்கள் கவனிக்கவில்லை. டிங் ரூக்கை எஃப்2இல் வைத்தபோது அவருக்கும் அது உடனே பிடிபடவில்லையாம். ரூக்கை பி3க்கு நகர்த்தப் போயிருக்கிறார். அப்போதுதான் மூலையில் மாட்டிக்கொண்ட பிஷப் கண்ணில் பட்டிருக்கிறது. ஒட்டுக்கடையில் நான் பத்து வினாடியில் பார்த்ததை உலகச் சாம்பியன் ஆகப்போகிறவர் தவறவிடப் பார்த்தார். நான் அவரைவிடக் கெட்டிக்காரன் என்றா அர்த்தம்? என்னிடம் கோடு இருந்தது, அவரிடம் இல்லை. அவ்வளவுதான்.

இன்னொரு சென்னைக்காரரின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2014 நவம்பர், சோச்சி, ஆறாவது ஆட்டம். கார்ல்சனும் ஆனந்தும் அதுவரை சமம். 26ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2க்கு நகர்த்தினார். பெரும் பிழை. ஆனந்தின் குதிரை ஈ5 சிப்பாயை வெட்டியிருக்கலாம். கார்ல்சன் பதிலுக்கு ரூக்கை வெட்டினாலும், அதே குதிரை சி4இல் இன்னொரு சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் ‘செக்’ கொடுக்கும்; அப்புறம் ரூக்கையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனந்த் ஓரச் சிப்பாயை ஏ4க்குத் தள்ளினார். அந்த ஆட்டத்திலும், கடைசியில் போட்டியிலும் தோற்றார். அதே நிலையைப் புதிர்ப் புத்தகத்தில் அச்சடித்து, ‘கறுப்பு ஆடி வெல்க’ என்று கீழே போட்டால் நம் தமிழ்ப்பள்ளிப் பையன் கண்டுபிடித்துவிடுவான். ஆனந்துக்கு யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை.

புதிர்ப் புத்தகமும் செயலியும் செய்யும் காரியம் இதுதான். தேடக் கற்றுத்தருகின்றன, எப்போது தேட வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. பாட்டி ‘விடுகதை போடட்டுமா?’ என்று கேட்கும்போதே விடை இருப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பேச்சோடு பேச்சாக, பெயர் சொல்லாமல் ஒரு விடுகதையைப் போட்டிருந்தால் எத்தனை பேர் நிமிர்ந்திருப்போம்? ‘கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு’ என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட கதையைப் படிப்பவன் கதையைப் படிப்பதில்லை, திருப்பத்தைத்தான் தேடுகிறான்.

இந்தப் பழக்கம் என்னிடமும் இருந்தது. படிவம் நான்கில் ஆயிரக்கணக்கில் புதிர்கள் போட்டவன் நான். மாவட்டப் போட்டியில், எதிராளி ராணியைக் காவலில்லாமல் விட்டதைப் பார்க்காமல் என் திட்டப்படி சிப்பாயை நகர்த்தினேன். ராணி அங்கே சும்மா நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது வேலையிலும் அதே கதைதான். தேர்வுத்தாள் ‘பிழையைக் கண்டுபிடி’ என்று கேட்கும். ஆலையில் எல்லா மீட்டரும் ஒழுங்காகத்தான் காட்டும்.

குகேஷின் தொடக்கக்காலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் நன்றாக வளரும்வரை கணினி எஞ்சினைத் தொடவிடவில்லை. அன்றிரவு பி3க்குப் போகவிருந்த கை நின்றதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் வாசிப்பு. சமன் என்று எல்லாரும் முடிவுகட்டிய நிலையில் ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு அவர் விடாமல் ஆடினார். கோடு இல்லாமல் வளர்ந்தவர், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தானே சந்தேகப்பட வேண்டியிருந்தது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமைகளில் பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது பத்து நிலைகள் கொடுத்தால் நான்கில் வெற்றியே இருக்காது. எந்த நான்கு என்று சொல்வதில்லை. முதல் வாரம் பிள்ளைகளுக்குக் கோபம். இல்லாத வெற்றிக்காக ராணியை எல்லாம் பலி கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு சிறுமி ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சார், இதுல ஒன்னும் இல்ல. ராஜாவ ஒரு கட்டம் நகர்த்திட்டுக் காத்திருக்கலாம்” என்றாள்.

சரியான விடை. அடுத்த நிலையைப் பார்க்கக் குனிந்தாள். அதில் இருந்தது.