சிகிச்சையும் காணிக்கையும்: தோற்றம் பற்றிய சொற்கள் குறித்து ஒரு திறனாய்வு

'அழகு அறுவை சிகிச்சை' என்னும் தொடர் ஆய்வுக்குரியது. 'சிகிச்சை' நோய் உண்டெனக் கொள்ளும் சொல்லாதலின், வழுக்கையும் தோற்சுருக்கமும் சொல்லளவிலேயே நோய்களாகின்றன. 'நெகிழி அறுவை' எனப் பெயர்ப்பதும் பிழையே. மூலக் கிரேக்கச் சொல் வனைதலைக் குறிப்பதன்றி நெகிழியைக் குறிப்பதன்று.

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் 'மொட்டை' குறையைச் சுட்டும். மொட்டை மரம், மொட்டைக் கடிதம் என்பன சான்றுகள். திருப்பதியைச் சார்ந்து 'மொட்டை போடுதல்' என வருங்கால் அக்குறைப்பொருள் நீங்குகின்றது. தெலுங்கிலோ இறக்கிய முடி 'தலநீலாலு' எனப்படும். தமிழ் வெறுமையான தலைக்குப் பெயரிட, தெலுங்கு கொடுத்த பொருளுக்குப் பெயரிடுகின்றது.

எனினும் இவ்வழக்கு தோற்றப்பற்றுக்கு முற்றிலும் புறம்பானதன்று. இறைவன் தலையில் முடியற்ற இடங்கண்டு பொறாத நீலாதேவி தன் கூந்தலை அறுத்துப் பொருத்தினாள் என்பது தலமரபு. காணிக்கை முடியும் ஏலம்போய்ப் பொய்முடியாகிப் பிறர் தலைகளை அழகுசெய்கின்றது.

'அறுவை அடிமை' என்பதும் பொருந்தாது. தன் தோற்றத்தில் இல்லாத குறையைக் கண்டு வருந்தும் நிலையை மொர்செல்லி 1891இல் நோயாக விளக்கினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு அதனை அடிமைப்பழக்கங்களோடு சேர்க்காது, எண்ணச் சுழற்சி நோயோடு சேர்த்தது. ஆக, நோயற்ற முகத்திற்குச் 'சிகிச்சை' என்றும், நோயுற்ற மனத்திற்கு 'அடிமை' என்றும் பெயரிடுகின்றோம். மொழிபெயர்ப்பாளர் முதலில் திருத்த வேண்டியது இவ்விடமாற்றத்தையே.