தம்பியை வைத்து ஒரு பாண்ட் படம்

கதைப்பின்னல் சொல்லித்தரும் ஆசிரியர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய படம் 'ஆப்பரேஷன் கிட் பிரதர்' (1967). நல்ல படம் என்பதற்காக அல்ல.

ஜேம்ஸ் பாண்ட் படங்கள் வசூலை அள்ளிய 1960-களில், இத்தாலியில் குறைந்த செலவு உளவுப் படங்கள் மளமளவென்று வந்தன. அவற்றில் இது ரொம்பத் துணிச்சலான வேலை. ஷான் கானரி கிடைக்க மாட்டாரா? சரி, தம்பியைக் கூட்டி வா! எடின்பரோவில் சுவர்ப்பூச்சு வேலை பார்த்த நீல் கானரி கதாநாயகன் ஆனார். பாத்திரத்தின் பெயரும் கானரிதான். பாண்ட் படங்களில் மேலதிகாரியாக வந்த பெர்னார்ட் லீ, மணிபென்னியாக வந்த லோயிஸ் மேக்ஸ்வெல், 'தண்டர்பால்' வில்லன் அடோல்ஃபோ செலி எல்லாரும் இதிலும் இருக்கிறார்கள். இசைக்கு என்னியோ மோரிகோனேயும் புரூனோ நிகோலாயும். பாட்டைக் கேட்டால் பெரிய படம் என்றே தோன்றும். தம்பியின் முகத்தில் அண்ணன் சாயல் உண்டு. ஆங்கிலப் பதிப்பில் குரல்தான் அவருடையது இல்லை.

இவ்வளவு இருந்தும் ஏன் ஒட்டவில்லை? நாயகன் பிளாஸ்டிக் சர்ஜன். ஹிப்னாடிசம் தெரியும். உதட்டசைவைப் படிப்பார். எங்கே மாட்டினாலும் ஏதாவது ஒரு வித்தை கைகொடுக்கும் என்று தெரிந்துவிட்டால், பார்க்கிற நமக்கு என்ன பயம்? மொராக்கோவில் கண் தெரியாத தொழிலாளர்கள் கதிரியக்க நூலில் கம்பளம் நெய்கிறார்கள். பார்த்தால் மறக்காத காட்சி. ஆனால் கதை அதைத் தூக்கிச் சுமக்காமல் அடுத்த இடத்துக்கு ஓடிவிடுகிறது. "அப்புறம்", "அப்புறம்" என்றே படம் நகர்கிறது. "அதனால" என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

மாணவர் கட்டுரைகளில் இதே நோயைப் பார்க்கிறோம். வருணனை தகதகவென்று இருக்கும். ஒரு நிகழ்ச்சி இன்னொன்றோடு பேசாது. திருத்துகிறவர் கண்ணில் வருணனைதான் முதலில் படும் என்பதால் மதிப்பெண்ணும் விழுந்துவிடும். அடுத்த கட்டுரையில் இன்னும் நாலு உவமை கூடும்.

ஒரே ஒரு இடத்தில் படம் உயிர் பெறுகிறது. வில்லனிடம் இயந்திரங்களை முடக்கும் காந்த அலைக் கருவி இருக்கிறது. அதனால், நாயகன் பக்கத்து ஆட்கள் வில்லும் அம்புமாக வந்து இறங்குகிறார்கள். உளவுப் படத்தில் வில்லம்பு! கேலிக்கூத்துதான்; ஆனாலும் காரணம் இருப்பதால் நம்புகிறோம், நிமிர்ந்து உட்கார்கிறோம். வகுப்பில் காட்டுவதாக இருந்தால் இந்தக் கடைசிப் பகுதி போதும். முழுப் படத்தையும் ஆசிரியர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், பொறுமை இருந்தால்.