படகு மேடையில் நிறபேதம்

அமெரிக்க இசை நாடக வரலாற்றை எழுதுவோர் 1927ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாளை ஓர் எல்லைக்கல்லாகக் காட்டுவது வழக்கம். அன்றுதான் நியூயார்க் நகரின் சீக்ஃபெல்டு அரங்கில் ‘ஷோ போட்’ அரங்கேறியது. எட்னா ஃபெர்பரின் நாவலைத் தழுவி ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் உரையாடலும் பாடலும் எழுத, ஜெரோம் கெர்ன் இசையமைத்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கதைக்குள் நின்று பாடிய பெருநாடகம் என்பது அதற்குச் சூட்டப்பட்ட புகழ்மாலை. அம்மாலையின் எல்லா மலர்களும் அதற்கு உரியனதாமா?

முன்பிருந்த நிலையை நோக்கினால் இதன் துணிவு விளங்கும். 1910இல் சீக்ஃபெல்டின் வெள்ளையர் குழுவில் இடம்பெற்ற பெர்ட் வில்லியம்ஸ் பிறப்பால் கறுப்பரே. ஆயினும் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் மேடையேறினார். கறுப்பனும் கறுப்பன் வேடம் புனைய வேண்டியிருந்த காலம் அது! ‘ஷோ போட்’டிலோ திரை விலகியதும் பஞ்சுப் பொதி சுமக்கும் கறுப்பினத் தொழிலாளரின் குரலே முதலில் எழுகிறது. கேளிக்கை நாடி வந்தவர்களுக்கு முதலில் உழைப்பின் களைப்பைக் கேட்பித்தமைக்காகவே அந்நாடகத்தை நாம் போற்றலாம்.

கதையின் நெஞ்சம் ஜூலி என்பவள். மிசிசிப்பி ஆற்றில் செல்லும் நாடகப் படகின் தலைமை நடிகை; வெள்ளையள் என்றே அனைவரும் நம்பும் கலப்பினப் பெண். அவள் படகின் சமையற்கட்டில் ஒரு பாடலை முணுமுணுக்க, சமையற்காரி குவீனி திடுக்கிடுகிறாள்: கறுப்பர் மட்டுமே அறிந்த பாட்டு இவளுக்கு எப்படித் தெரியும்? தோல் மறைத்ததைப் பாட்டு வெளியிட்டுவிடுகிறது. பின்னர், கலப்பு மணக் குற்றத்திற்காக ஷெரீப் வரும் வேளையில், அவள் வெள்ளைக் கணவன் அவள் கையைக் கீறி உதிரத்தை உறிஞ்சித் தன் உடலிலும் கறுப்பு இரத்தம் உண்டென்கிறான். ஆயினும் இருவரும் படகைவிட்டு வெளியேறவே நேர்கிறது. இத்தகைய மணங்களைத் தடுத்த சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதனவாக்கியது 1967இல்தான்.

நம்மை உறுத்துவது அந்தச் சமையற்கட்டுக் காட்சியே. ஜூலியாக நடித்தவர் ஹெலன் மார்கன் என்னும் வெள்ளையர். குவீனியாக நடித்த டெஸ் கார்டெல்லாவும் முகத்தில் கரி பூசிய வெள்ளையரே. கறுப்பினப் பெண்ணின் பாடலைக் கறுப்பினப் பெண் அடையாளங்காணும் அக்காட்சியில், அவ்விருவருமே கறுப்பினப் பெண்கள் அல்லர்! நடிப்பென்றாலே பிறராக மாறுவதுதானே, நம் நாடகக் கம்பெனிகளில் ஆடவர் ஸ்திரீ பார்ட் போடவில்லையா என்று கேட்கலாம். அங்கும் விலக்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் இங்கே, பாடற்குழுவிலும் ஜோ என்னும் கூலியாள் வேடத்திலும் கறுப்பரை நிறுத்திய அதே கையே, கதாநாயகியரில் ஒருத்தியாகும் வாய்ப்பை மட்டும் மறுத்தது. சுமை தூக்கக் கறுப்பர் வரலாம். காதலித்துக் கலங்க வரலாகாது!

ஜோவாக முதலில் ஜூல்ஸ் பிளெட்சோ பாடினார். 1928இல் லண்டனில் அவ்வேடம் பால் ராப்சனுக்கு வாய்த்தது. ஆற்றை நோக்கிய அவருடைய அப்பாடல்தான் பூபேன் ஹசாரிகாவின் உள்ளத்தில் பிரம்மபுத்திராவாகி, பிறகு மொழிபெயர்ப்பில் கங்கையாகவும் ஓடியது. ஜூலிக்கு அத்தகைய பேறு எளிதில் கிட்டவில்லை. 1946இல் கெர்னின் வாழ்வைச் சொன்ன திரைப்படத்தில் லீனா ஹார்ன் அவள் பாடலைச் சில நிமிடங்கள் பாடினார். ஆயினும் 1951இல் அதே நிறுவனம் முழுப் படம் எடுத்தபோது வேடம் ஆவா கார்ட்னருக்குப் போயிற்று. லோனெட் மெக்கீ என்னும் கறுப்பின நடிகை பிராட்வேயில் ஜூலியாக நின்றது 1983இல்.